வளைந்த கம்பி வழியே ஒரு பூங்கா

சனிக்கிழமை மதியம் மூணே கால். வெயில் தாழட்டும் என்று சொன்னால் ஆறு வயதுக்கு விளங்காது. "சித்தி, இப்பவே" என்று அக்கா மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்தைத் தாண்டிக் கிழக்கே பரவிக்கொண்டிருக்கும் புறநகர் எங்களுடையது. வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளிப் பூங்கா. போய் நின்றால் கேட்டில் சங்கிலி, சங்கிலியில் கையகலப் பூட்டு. பக்கத்துப் பலகையில் நேரம் எழுதியிருந்தது: காலை 5 முதல் 9 வரை, மாலை 4 முதல் 8 வரை.

"உள்ள ஆளுங்க இருக்காங்களே சித்தி."

இருந்தார்கள். ஊஞ்சலில் ஒருத்தி நின்றுகொண்டே ஆடினாள். சறுக்குமரத்தின் உச்சியில் இரண்டு பையன்கள் குந்தியிருந்தார்கள். எப்படிப் போனார்கள் என்று தேடிக்கொண்டே வேலியைச் சுற்றி வந்தோம். மோட்டார் ரூமை ஒட்டிய மூலையில் கிரில்லின் ஒரு கம்பி மட்டும் வில்லாக வளைந்திருந்தது. வேலி முழுக்கப் பச்சை பெயின்ட். அந்தக் கம்பியில் மட்டும் பெயின்டே இல்லை. எத்தனையோ சட்டையும் முழங்காலும் உரசி உரசி, இரும்பு கோயில் வாசல்படிபோல வழவழவென்று மின்னியது. கீழே புல் தேய்ந்து ஒரு ஒற்றையடித் தடம், நேராக ஊஞ்சல்வரை.

தலையை முதலில் விட்டு, பிறகு ஒருபக்கத் தோளை விட்டு, இரண்டே நொடியில் அவள் உள்ளே போய்விட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்குத் தோள் நுழையாது. நுழைந்தாலும் எதிர்வீட்டு மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மாவின் முன்னால் அதைச் செய்யத் துணிச்சல் வராது. வெளியிலேயே நின்றேன், முக்கால் மணி நேரம். பல வருடமாக இந்தப் பூங்காவுக்கு வந்துபோகிறவள்தான் நான். ஆனால் இங்கே மரம், புல், ஊஞ்சல் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சாவி இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

தானமாக வந்த முக்கோணம்

மனை வாங்கும்போது விலை, பட்டா, வில்லங்கம் எல்லாம் பார்ப்போம். வரைபடத்தின் ஓரத்தில் பச்சை அடித்திருக்கும் இடத்தை யாரும் பார்ப்பதில்லை. அதுதான் பின்னாளில் பூங்கா. ஓ.எஸ்.ஆர். நிலம் என்று புரோக்கர்களிலிருந்து வார்டு கவுன்சிலர்வரை சொல்வார்கள். திறந்தவெளி ஒதுக்கீடு என்பது அதன் தமிழ்ப் பெயர், கோப்பில் மட்டும் புழங்குவது.

விதி இதுதான். மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டருக்குள் இருந்தால் பூங்காவுக்கென்று ஒரு சாண்கூட விட வேண்டாம். 3,000 முதல் 10,000 வரை என்றால் சாலை போக மீதியில் 10 சதவீதம் விட வேண்டும். இடமில்லை என்றால் அந்த நிலத்தின் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டிவிடலாம். 10,000க்கு மேலே போனால் அந்தச் சலுகை கிடையாது. நிலத்தையே தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் என்பது நம் கணக்கில் ஏறக்குறைய 45 கிரவுண்டு. அந்த அளவு மனைப்பிரிவில் சாலையைக் கழித்துவிட்டுப் பத்தில் ஒரு பங்கு எடுத்தால் மூணு, மூணரை கிரவுண்டு தேறும். கொஞ்சம் தாராளமாகக் கட்டிய ரெண்டு வீட்டையும் அதன் கார் ஷெட்டையும் சேர்த்த இடம். அதில்தான் ஒரு நகரின் குழந்தைகள் மொத்தப் பேரும் ஓட வேண்டும்.

45 கிரவுண்டை மூன்றாகப் பிரித்துத் தனித்தனியாக அனுமதி வாங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டைப் பார்த்தே ஆக வேண்டும். விற்க வசதியான மனையை யார் தானமாகக் கொடுப்பார்கள்? எங்கள் பூங்கா ஒரு முக்கோணம். ஒரு பக்கம் மழைநீர்க் கால்வாய், ஒரு பக்கம் சாலை, மூன்றாவது பக்கம் அடுத்த மனைப்பிரிவின் முதுகுச் சுவர். கூர்முனையில் ஒரு சிமென்ட் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் காலை நீட்ட முடியாது.

ஒரு காலத்தில் இது தலைகீழாக இருந்தது. 1920களில் மாம்பலம் ஏரிப் பக்கத்தில் தியாகராய நகரை வகுத்தபோது நடுவில் பூங்காவை வைத்து, அதிலிருந்து தெருக்களைப் பிரித்து விட்டார்கள். பனகல் பார்க்கில் நின்று சுற்றிப் பார்த்தால் இன்றைக்கும் அது தெரியும்: உஸ்மான் ரோடு ஒரு பக்கம், வெங்கட்நாராயணா ரோடு ஒரு பக்கம், பாண்டி பஜார் இன்னொரு பக்கம். அன்றைக்குத் தி.நகரும் புறநகர்தான். 1921 முதல் 1926 வரை மாகாண முதலமைச்சராக இருந்த பனகல் ராஜாவின் பெயரை அந்தப் பச்சைக்கு வைத்தார்கள். இப்போது வீடுகளைப் போட்டு முடித்த பிறகு மிஞ்சுகிற மூலைக்குத்தான் தலைவர்கள் பெயர் வைக்கிறோம்.

மிஞ்சிய மூலையையாவது விட்டுவைக்கிறோமா என்பது அடுத்த கேள்வி. பெங்களூரு ராஜ்மகால் விலாஸ் பகுதியில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 1991இல் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பெங்களூரு மெடிக்கல் டிரஸ்ட் வழக்கு என்றால் பூங்கா நிலத்துக்காகப் போராடுகிற எல்லாருக்கும் தெரியும். மருத்துவமனையும் பொதுநன்மைதானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. நம்மூரில் இன்னும் எடுபடுகிறது. மேல்நிலைத் தொட்டி, ரேஷன் கடை, அங்கன்வாடி, சமுதாயக்கூடம் என்று எல்லாமே நல்ல காரியங்கள். எல்லா நல்ல காரியத்துக்கும் கண்ணில் படுகிற ஒரே காலி இடம் பூங்காதான்.

நாலு மணி

நாலு அடித்துப் பத்து நிமிடம் ஆன பிறகு வாட்ச்மேன் சைக்கிளில் வந்தார். அறுபதைத் தாண்டியவர். ஹேண்டில்பாரில் ஒரு மஞ்சப்பை, இடுப்பில் கொத்துச் சாவி. உள்ளே இருந்த பிள்ளைகளைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. பூட்டைத் திறந்தார். வேலி வழியாகப் போனவர்கள் அப்படியே விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்ணே, மத்தியானம் திறந்தே வச்சா என்ன?"

"திறக்கலாம்மா. நான் ஒருத்தன். இன்னொரு பார்க்கு சாவியும் என்கிட்டதான். அங்க தொறந்துட்டு இங்க வரேன். கூட்டணும், மோட்டார் போடணும், பாத்ரூம் கழுவணும். மத்தியானம் தொறந்து போட்டா பாட்டில் எடுத்துட்டு வந்துருவானுங்க. காலேஜ் பசங்க ஜோடியா வருவாங்க, அதுக்கு ஒரு கம்ப்ளெயின்ட். எவனாச்சும் விழுந்து மண்டை உடைஞ்சா அதுவும் என் தலையில."

காண்ட்ராக்ட் வேலை. சம்பளம் எவ்வளவு என்று கேட்டதற்குச் சிரித்தார்.

பூட்டுக்கு ஊருக்குள் சொல்லப்படுகிற காரணங்கள் ஒழுக்கம், பாதுகாப்பு, பராமரிப்பு. கிட்டப் போய்ப் பார்த்தால் இன்னொரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்க மனமில்லை, அவ்வளவுதான். ஒரு ஆள், ரெண்டு சாவி, ஒரு சைக்கிள். பெங்களூருவில் 2024இல் மாநகராட்சிப் பூங்காக்களைக் காலை 5 முதல் இரவு 10 வரை திறந்து வைக்க உத்தரவு போட்டார்கள். அதற்கு முன்னால் அங்கேயும் பகலில் பூட்டுத்தான்.

நம் சென்னையில் இதைவிடப் பெரிய பூட்டுகள் உண்டு. 1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டியது அண்ணா நகர் டவர். அதில் மக்கள் ஏறுவதை 2011இல் நிறுத்தினார்கள். தற்கொலைகள் நடக்கின்றன என்பது காரணம். 2023இல்தான் பாதுகாப்பு வலையோடு திறந்தார்கள். பக்கத்திலேயே ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்கா. அதையும் 2011இல் மெட்ரோ பணிக்காக மூடி, மரங்களை வெட்டி, அடியில் ரயில் நிலையம் கட்டி, 2023இல் திருப்பிக் கொடுத்தார்கள். 2011இல் ஆறு வயதாக இருந்த ஷெனாய் நகர்ப் பெண் அந்தப் பூங்காவுக்குள் மறுபடி காலை வைத்தபோது அவளிடம் வாக்காளர் அட்டை இருந்திருக்கும். மெட்ரோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் அதில்தான் போகிறேன். ஆனால் ஒரு சாலையைப் பன்னிரண்டு வருடம் மூடுவதாக இருந்தால் மாற்றுப் பாதை கொடுத்திருப்பார்கள். குழந்தைப் பருவத்துக்கு மாற்றுப் பாதை யாரும் கேட்கவில்லை.

தோசைக்கல்லும் அட்டைப்பெட்டியும்

கேட் திறந்ததும் உள்ளே போனேன். முதலில் சறுக்குமரம். பழைய சிமென்ட் சறுக்கை இடித்துவிட்டு எவர்சில்வர் தகடு போட்டது வைத்திருக்கிறார்கள். நாலு மணிக்கும் அது தோசைக்கல். என் அக்கா மகள் உள்ளங்கையை வைத்துப் பார்த்து வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். மேலே குந்தியிருந்த பையன்கள் விவரமானவர்கள். ஒருவனிடம் பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியின் துண்டு இருந்தது. அதை அடியில் வைத்து உட்கார்ந்து சர்ரென்று இறங்கினான். இறங்கியதும் அட்டையைத் தலைக்குமேல் வீச, மேலே இருந்தவன் பிடித்துக்கொண்டான். மூன்றாவது முறை அட்டை அவளுக்கு வந்தது. இன்னொருவன் கைநிறைய மணலைக் கொண்டுவந்து தகட்டில் தூவினான். அப்போதுதான் வழுக்குமாம். உண்மைதான், வழுக்கியது. மேற்கே ஒரு புங்கமரம் இருந்திருந்தால் இந்த அட்டை வைபவமே தேவைப்பட்டிருக்காது. மேற்கே இருப்பது திறப்புவிழாக் கல்வெட்டு.

ஊஞ்சல் கதை வேறு. பிள்ளைகள் காலைத் தேய்த்துத் தேய்த்து ஊஞ்சலுக்கு அடியில் மணல் குழிந்துபோகும். மழை வந்தால் அதில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்றால் கொசு. கொசு என்றால் மனு. மனுவுக்குப் பதிலாக வந்தது பேவர் பிளாக். இப்போது குழியும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஊஞ்சலிலிருந்து விழுகிற குழந்தைக்கு நேராகக் கான்கிரீட் காத்திருக்கிறது. விளையாட்டிடத்தில் படும் காயங்களில் பெரும்பகுதி விழுவதால் வருவது, அதனால் எதிலிருந்து விழுகிறோம் என்பதோடு எதன்மேல் விழுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 1981இலிருந்து இதற்கென்றே கையேடு போடுகிறது. கான்கிரீட்டும் தாரும் கூடவே கூடாது, மணலோ மரச்சீவலோ ஆழமாகப் போடு என்று அதில் இருக்கிறது. நம் வீட்டுப் பாட்டிகளுக்குக் கையேடு தேவைப்படவில்லை. ஊஞ்சல் கட்டினால் அடியில் ஆற்று மணல் கொட்டுவார்கள்.

மூலையில் ஒரு கம்பிக்கூண்டு நிற்கிறது, பிள்ளைகள் ஏறி உள்ளே நுழைந்து தொங்குவது. துருப்பிடித்து ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஹிண்டன் குடும்பம் நினைவுக்கு வரும். சார்லஸ் ஹிண்டன் என்ற கணக்கு ஆசிரியருக்கு நான்காவது பரிமாணத்தில் பித்து. குழந்தைகள் முதலில் மூன்று பரிமாணத்தை உடம்பாலேயே உணர வேண்டும் என்று ஜப்பானில் இருந்தபோது மூங்கிலில் கூண்டு கட்டி, இந்த எண்ணுக்கு ஏறு, அந்த எண்ணுக்குத் தாவு என்று தன் பிள்ளைகளுக்குக் கட்டளை போட்டார். பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டுக் கூண்டைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான செபாஸ்டியன் ஹிண்டன் வளர்ந்து வக்கீலாகி, 1920களில் அதை இரும்புக் குழாயில் செய்து காப்புரிமை வாங்கினார். உலகமெங்கும் ஜங்கிள் ஜிம் என்று நிற்பது அதுதான். எங்கள் பூங்காக் கூண்டிலும் x, y, z மூன்றும் இருக்கின்றன. Z மட்டும் கொஞ்சம் ஆடுகிறது.

பலகை

ஐந்தரைக்குப் பூங்கா நிறைந்தது. எட்டு வடிவ நடைபாதையில் பெரியவர்கள். வேம்படியில் பெஞ்சு பிடித்த ஓய்வுபெற்றவர்கள். வாசலில் சுண்டல் வண்டி. உடற்பயிற்சிக் கருவிகளில் ஒரு அம்மா புடவையைச் செருகிக்கொண்டு இரண்டு காலையும் முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்தார், பக்கத்துக் கருவியில் அவருடைய மாமியார். அந்தக் கருவி வந்ததில் எனக்கு மெத்த மகிழ்ச்சி. ஆனால் பரப்பை அடியால் அளந்து பார்த்தேன். நடைபாதையும் ஜிம்மும் கல்வெட்டும் போகக் குழந்தைகளுக்கு மிஞ்சியது முக்கோணத்தின் ஒரு முனை. ஓட்டு உள்ளவர்களுக்கு எட்டு. ஓட்டு இல்லாதவர்களுக்கு ஓரம்.

பலகையில் இன்னும் இருக்கிறது: விளையாட்டுக் கருவிகள் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். பந்து விளையாடக் கூடாது. சைக்கிள் கூடாது. புல்லை மிதிக்கக் கூடாது. கூட்டம் கூடக் கூடாது. கடைசி வரியைப் படித்தபோது சிரிப்பு வந்தது. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில், மழையில் நனைந்தபடி ஒரு கூட்டம் கூடித்தான் தி.மு.க. தொடங்கியது. இப்படியொரு பலகை அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் தமிழ்நாட்டு வரலாறு எந்த மண்டபத்தை வாடகைக்குத் தேடிப் போயிருக்குமோ!

பதிமூன்று, பதினான்கு வயதுப் பையன்கள் பூங்காவுக்கு வெளியே, சாலையில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கார் வந்தால் ஸ்டம்பாக வைத்த செங்கல்லைக் காலால் தள்ளிவிட்டு ஒதுங்கி, போனதும் திரும்ப வைக்கிறார்கள். "உள்ள ஆடினா தாத்தாங்க திட்டுவாங்கக்கா. இங்க வண்டிக்காரங்க திட்டுவாங்க. வண்டிக்காரங்க போயிருவாங்க, தாத்தாங்க போக மாட்டாங்க" என்றான் ஒருவன். நலச்சங்கத்துப் பெரியவரிடம் கேட்டேன். போன வருடம் நடந்துகொண்டிருந்த ஒருவர் மூக்குக்கண்ணாடியில் பந்து பட்டதாம். அதுவும் நியாயம்தான். மூணரை கிரவுண்டில் எல்லாருடைய நியாயத்துக்கும் இடம் இல்லை.

பையன்களுக்காவது சாலை இருக்கிறது. அவர்கள் வயதுப் பெண்கள்? அன்றைக்கு நான் எண்ணியதில் பத்து வயதுக்கு மேல் ஒரே ஒருத்தி, தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தவள். தம்பி ஆடும்வரை ஊஞ்சல் கம்பத்தில் சாய்ந்து நின்றாள். இது நம்மூர்ச் சமாசாரம் மட்டும் என்று நினைத்திருந்தேன். ஆஸ்திரியாவில் வியன்னா நகர நிர்வாகம் 1990களில் தன் பூங்காக்களை ஆராய்ந்தபோது, ஒன்பது வயதுக்குப் பிறகு பெண் பிள்ளைகள் வருவது சட்டென்று குறைவதைக் கண்டது. இடத்தைப் பையன்களின் பந்து பிடித்துக்கொள்கிறது. பெண்கள் சண்டை போடாமல் விலகிவிடுகிறார்கள். 1999இல் ஐன்சீட்லர் பூங்காவை மாற்றிப் பார்த்தார்கள். ஒரே பெரிய மைதானமாக இல்லாமல் பகுதி பகுதியாகப் பிரித்து, பாதைகளில் வெளிச்சம் கூட்டினார்கள். பெண்கள் திரும்பி வந்தார்கள்.

வெளிநாட்டு உதாரணம் சொன்னால் "அங்க இடம் இருக்கு, காசு இருக்கு" என்று வாயை அடைத்துவிடுவார்கள். அதற்கும் ஒரு பதில் கைவசம் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஆம்ஸ்டர்டாமில் காசும் இல்லை, இடமும் இல்லை. வீடு இடிந்த மனை, தெரு முக்கு, ரெண்டு கட்டடத்துக்கு நடுவில் கிடந்த சந்து என்று மிஞ்சிய துண்டு நிலங்கள்தான் இருந்தன, நம் ஓ.எஸ்.ஆர். முக்கோணம் போல. நகராட்சியில் வேலை பார்த்த ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக்கலைஞர் 1947இல் முதல் விளையாட்டிடத்தை அமைத்தார். அகலமான கான்கிரீட் விளிம்போடு ஒரு மணல்தொட்டி, தலைகீழாகத் தொங்கக் கம்பிகள், தாவ நாலு கல், அம்மாக்கள் உட்காரப் பெஞ்சு. அவ்வளவுதான். பொம்மை இல்லை, ஃபைபர் யானை இல்லை, வேலியும் இல்லை. அதைப் பார்த்த மற்றத் தெருக்காரர்கள் எங்கள் தெருவுக்கும் ஒன்று வேண்டும் என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதினார்கள். 1978 வாக்கில் எழுநூறுக்கும் மேல் அமைத்து முடித்திருந்தார்.

ஏழரைக்கு விசில் ஊதினார் வாட்ச்மேன். முதல் விசில் எச்சரிக்கை. ஒருவரும் அசையவில்லை. தம்பியைக் கூட்டி வந்த பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். சின்னப் பிள்ளைகள் செருப்புத் தேடப் போயிருந்தார்கள். தம்பி கையில் பையைக் கொடுத்துவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்தாள். முதலில் காலைத் தரையிலேயே வைத்து மெல்ல. பிறகு உந்தி, உந்தி, சங்கிலி கிறீச்சிட, துப்பட்டா பின்னால் பறக்க. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவள் என்பது பார்த்தாலே தெரிந்தது. வாட்ச்மேன் பார்த்தார். மோட்டார் ரூம் பக்கம் திரும்பிப் போய், அணைந்திருந்த மோட்டாரை இன்னொரு முறை அணைத்துவிட்டு வந்தார்.

எட்டு மணிக்குக் கேட்டைச் சாத்தும்போது அந்த வளைந்த கம்பியைக் காட்டிக் கேட்டேன். "இதை யாரும் பார்க்கலியாண்ணே? அடைக்கச் சொல்லலியா?"

"சொன்னாங்களே. வெல்டரைக்கூட அனுப்பினாங்க. கரன்ட் இல்லை, அப்புறம் வாப்பான்னு அனுப்பிட்டேன்."

"எப்போ?"

சங்கிலியைச் சுற்றி, பூட்டை அழுத்தி, இழுத்துப் பார்த்தார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஆச்சும்மா, ரெண்டு வருசம்."